வில்லுக்கு வைத்த பொட்டு

ஆமா சார், நான்தான். கனவுமலை பார்க் வாசல்ல பெரிய போஸ்டர் இருக்கே, தாடியும் கோடரியுமா ஒரு ஆளு முறைச்சுக்கிட்டு நிப்பானே, அது நான்தான். தாடி இல்லாமலே கண்டுபிடிச்சிட்டீங்க, கெட்டிக்காரர்தான் நீங்க. ஆனா கண்டுபிடிச்சதும் முதல் கேள்வி என்ன கேட்டீங்க? "கோடரி எங்க?" அங்கதான் சார் எனக்குப் பத்திக்கிட்டு வருது. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. டீக்கடையில கேக்கறாங்க, முடி வெட்டற இடத்துல கேக்கறாங்க. உங்க பேர் என்னன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. பேர் தணிகாசலம். ஊரு அரக்கோணம் பக்கம்.

கொஞ்சம் இப்படி நகர்ந்து உக்காருங்க. உங்களுக்கு முட்டி முன்சீட்டுல இடிக்குது பாருங்க. எனக்கு அந்தத் தொல்லையே இல்ல, இந்த பஸ்ஸையே என்னை அளவெடுத்துத்தான் கட்டியிருக்கான். நீங்க திருத்தணி வரைக்கும் போறீங்களா? அப்ப நேரம் இருக்கு. கோடரி எங்கன்னு கேட்டீங்க இல்ல, முழுசா கேட்டுட்டுத்தான் இறங்கணும்.

பார்க்குல சேர்றதுக்கு முன்னாடி நான் மெடிக்கல் ஷாப்புல இருந்தேன் சார். மேல் தட்டு மருந்துக்கு ஸ்டூலு, கீழ் தட்டு மருந்துக்கு நானு. நல்ல வேலைதான். அப்போதான் பேப்பர்ல ஒரு விளம்பரம், நாலடிக்குக் கீழ உயரம் இருக்கறவங்க தேவை, நடிப்பு வேலைன்னு. உயரம் கம்மியா இருந்தாத்தான் வேலைன்னு ஒருத்தன் போடறானே, போய்த்தான் பார்ப்போமேன்னு போனேன்.

உள்ள நிகில் சார் உக்காந்திருந்தார். பூனாக்காரர், அங்க நடக்கற ஷோவெல்லாம் அவர் யோசிச்சதுதான். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துச்சு. பேர் கேக்கல, ஊர் கேக்கல, நடிக்கத் தெரியுமான்னுகூடக் கேக்கல. எந்திரிச்சுப் போய் மூலையில சாத்தி வெச்சிருந்த கோடரியை எடுத்து என் கையில குடுத்தார். ரெண்டடி பின்னால போய் நின்னு பார்த்தார். "பெர்ஃபெக்ட்"னார். அவ்ளோதான் சார் இன்டர்வியூ. நான் வர்றதுக்கு முன்னாடியே கோடரி வந்துடுச்சு, தாடி வந்துடுச்சு. நடுவுல சொருகறதுக்கு ஒரு ஆள்தான் பாக்கி.

ஷோ நீங்க பார்த்திருக்கீங்களா? இல்லையா. சரி, கதை சொல்றேன், சின்னக் கதைதான். ஒரு மலை. மலைக்குள்ள தங்கம். வாசல்ல குள்ளர் காவல், அது நானு. அரக்க ராஜா தங்கத்தை அள்ள வர்றான். நான் கோடரியைச் சுத்திச் சுத்தி வீசறேன். அவன் கொசு கடிச்ச மாதிரிகூடக் கண்டுக்கறதில்ல. என்னை அப்படியே சட்டையோட கொத்தாத் தூக்கி ஓரமா வெச்சுட்டு உள்ள போறான். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்போ மேல கோட்டை உச்சியில ஒரு வெளிச்சம். அங்க வனதேசத்து வீரன் நிக்கறான், வெள்ளை வெளேர்னு டிரஸ்ஸு, நீளமுடி, கையில வில்லு. ஒரே அம்பு. அரக்கன் காலி. ஜனம் எந்திரிச்சு நின்னு கைதட்டும். அந்தக் கைத்தட்டல்ல நான் ஓரத்துல நின்னு சந்தோஷமா குதிக்கணும். அவ்ளோதான் என் வேலை. அடுத்தவன் ஜெயிச்சதுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை குதிக்கறது.

ஒரு நாள் பொறுக்க முடியாம நிகில் சார் கிட்டயே கேட்டுட்டேன். "சார், குள்ளன்னா ஏன் சார் கோடரி? எனக்கு வில்லைக் குடுங்களேன்." அவருக்கு இந்த விஷயம்னா சாப்பாடே வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார்.

"ஜி, குள்ளருங்க மலையைக் குடைஞ்சு சுரங்கத்துல வாழற ஜனம். அதனால வெட்டற சாமான்தான் அவங்க ஆயுதம்"னார்.

"சுரங்கத்துக்குள்ள எந்த மரத்தை சார் வெட்டறது?"ன்னு கேட்டேன். நீங்களே சொல்லுங்க. எங்க ஊர்ல கிணறு வெட்டறவங்க கடப்பாரையும் மண்வெட்டியும்தான் தூக்கிட்டுப் போவாங்க. கோடரியோட கிணறு வெட்டப் போன ஆளை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

அவர் விடல. குளிர் தேசத்துப் பழைய கதைங்கள்ல குள்ளருங்கதான் கொல்லருங்களாம். இடி இடிக்கற சாமிக்குச் சுத்தியலே அவங்க அடிச்சுக் குடுத்ததுதானாம். அதனால குள்ளர் கையில சுத்தியல் இருக்கும், இல்லன்னா கோடரி இருக்கும்னார். நான் சொன்னேன், "செஞ்சு குடுத்தது குள்ளர், வெச்சுக்கிட்டது சாமி. அப்ப அது சாமியோட ஆயுதம்தானே? நகை செய்யறவரெல்லாம் ஒட்டியாணம் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கார்?"

"ஜி, குட்டையான உடம்புல பலம் அதிகம். கீழ நின்னு சுத்தி வீசினா எதிரியோட முட்டி போயிடும்."

"சார், எட்டாதவனுக்கு எட்டற சாமானைத்தானே குடுக்கணும்? மாங்காய் பறிக்கத் தொரட்டின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? எனக்குக் கை குட்டை. அதுல ஒரு குட்டைக் கோடரியையும் குடுத்தா நான் எதிரி மடியில ஏறி உக்காந்துதான் வெட்டணும். வில்லுன்னா நின்ன இடத்துலேர்ந்து அடிப்பேன்."

சிரிச்சுட்டார். சிரிச்சுட்டு அப்புறமாத்தான் நிஜத்தைச் சொன்னார். "ஜி, முதல்ல யாரோ ஒருத்தர் இப்படி எழுதினாங்க. அதைப் பார்த்து அடுத்தவங்க எழுதினாங்க. அப்புறம் படத்துல வந்துச்சு, கம்ப்யூட்டர் விளையாட்டுல வந்துச்சு. இப்போ ஜனங்க அதைத்தான் எதிர்பார்க்கறாங்க. பார்த்ததும் தெரியணும் இல்ல? வில்லைக் குடுத்தா நீங்க யாருன்னு எப்படித் தெரியும்?"

"தணிகாசலம்னு தெரியும் சார்"னேன். அவருக்குப் புரியல. ஆளைப் பார்த்ததும் இவனுக்கு இதுதான்னு முடிவு கட்டற புத்தி இருக்கே, அது எனக்கு ஆகவே ஆகாது சார். என் ஜென்மத்துல நான் அப்படி யாரையும் பார்த்ததில்ல.

இந்த வில்லுக்கு அப்படி என்ன பெரிய வித்தை தெரியணும்னு நினைக்கறீங்க? ஒண்ணுமில்ல. அம்பு கம்பியில ஓடுது சார்! கோட்டை உச்சியிலேர்ந்து அரக்கன் பக்கத்துல இருக்கற தூண் வரைக்கும் ஒரு மெல்லிசுக் கம்பி. கீழேர்ந்து ஒருத்தர் பட்டனை அமுக்குவார், அம்பு போகும். மேல நிக்கறவன் நின்னாப் போதும். அதுக்கு எதுக்கு ஆறடி?

அந்த ஆறடி யாருன்னா, டைட்டஸ்னு ஒரு தூத்துக்குடிப் பையன். அவன் திமிரு இருக்கே சார், சொல்லி மாளாது. மேல ஏறினதும் கண்ணை இறுக்கி மூடிப்பான். ஒரு கையால பக்கத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில வில்லை வெச்சுக்கிட்டு, ஆடாம அசையாம நிப்பான். ஷோ முடிஞ்சு இறங்கி வந்தா படியில அப்படியே உக்காந்துடுவான், முகமெல்லாம் வேர்த்து. நாம பேசினாலும் வாயைத் திறக்க மாட்டான். உயரமானவங்களுக்கே உள்ள திமிரு அது. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைச் சொல்லல. போதாததுக்கு என்கிட்ட வந்து, "அண்ணே, உங்க கோடரியை எனக்குக் குடுத்துடுங்கண்ணே, நான் கீழயே நின்னுக்கறேன்"பான். எவ்வளவு கிண்டல் பாருங்க. வாரத்துல ரெண்டு தடவையாவது இந்தக் கிண்டலைப் பண்ணிடுவான்.

இப்படிப் போயிட்டு இருக்கறப்போதான் வரன் வந்துச்சு.

கல்யாண விஷயத்துல நான் உயரமெல்லாம் பார்க்கற ஆளே இல்ல சார். குணம்தான் முக்கியம். போன வருஷம்கூட ஒரு இடம் வந்துச்சு. நல்ல பொண்ணு, நல்ல குடும்பம். ஆனா என்னைவிடக் குட்டை. வேண்டாம்னு சொல்லிட்டேன். ஜோடிப் பொருத்தம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?

இது சோளிங்கர் பொண்ணு, பேர் அமிர்தவல்லி. தரகர் போட்டோ காட்டினார். கண்ணாடி, மடிப்புக் கலையாத காட்டன் புடவை, நேர் வகிடு. டீச்சர்! பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. தரகர் "கவர்மெண்ட் உத்தியோகம்"னார். "அதான் தெரியுதே"ன்னேன். அவங்களும் என் போட்டோ பார்த்திருக்காங்க, என் உயரம் தெரியும், அதுல மறைக்க ஒண்ணுமில்ல. "மாப்பிள்ளை அங்க என்ன பண்றார்?"னு மட்டும் கேட்டு அனுப்பினாங்க. நான் தரகர் கிட்ட, "கடைசி அம்பு விடறது நான்தான்னு சொல்லிடுங்க"ன்னேன். வாய்ல வந்துடுச்சு சார். ஒரு கல்யாணத்துல இது ஒரு பொய்யா?

ஆனா அவங்க என்ன பண்ணாங்க? "ஆயுத பூஜை லீவுதானே, பொண்ணுக்கும் லீவு, தாம்பரத்துல சித்தி வீட்டுக்கு வர்றோம், அப்படியே பார்க்குக்கும் வந்து மாப்பிள்ளை அம்பு விடறதைப் பார்த்துடறோம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நீங்களே நினைச்சுப் பாருங்க. பொண்ணும் வருங்கால மாமனாரும் முன்வரிசையில உக்காந்திருக்காங்க. ஒருத்தன் வந்து என்னைச் சட்டையோட தூக்கி, குப்பைக்கூடையை நகர்த்தற மாதிரி ஓரமா வைக்கறான். ஜனம் சிரிக்குது. அப்புறம் அந்தக் கல்யாணம் நடக்குமா? எனக்கு அமிர்தவல்லியைப் பிடிச்சிருந்துச்சு சார். போட்டோவை மேல்பையிலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு ஷோ, எனக்கு வில்லு வேணும். அவ்ளோதான்.

டைட்டஸ் கிட்டப் போனேன். வேற வழி? "தம்பி, ஆயுத பூஜை அன்னைக்கு சாயங்கால ஷோ மட்டும் நீ கீழ நில்லு, நான் மேல நிக்கறேன். நிகில் சார் கேட்டுல கூட்டத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பார், இந்தப் பக்கமே வரமாட்டார்"னேன். முதல்ல அவன் நம்பல. "நிஜமாவாண்ணே?"ன்னு கேட்டான். அப்புறம் அப்படியே குனிஞ்சு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். கண்ணுல தண்ணி. "சாகற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே"ன்னான். என் கல்யாணத்துக்கு இந்தப் பையன் இவ்வளவு சந்தோஷப்படறானேன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. திமிரு இருந்தாலும் மனசு நல்ல மனசு.

எல்லாம் சரியாத்தான் சார் இருந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில சீக்கிரமே ஆயுத ரூமுக்குப் போனேன். எங்க பார்க்குல பூஜையை எப்பவும் ராத்திரி கடைசி ஷோ முடிஞ்சப்புறம்தான் போடுவாங்க. லீவு நாள் கூட்டம் ஆச்சே. எனக்கு என்னன்னா, முதல் தடவை வில்லைத் தொடப் போறோம், சும்மா தொடக் கூடாது, ஒரு பொட்டு வெச்சுக் கும்பிட்டுத் தொடலாம்னு ஒரு எண்ணம். வில்லை நல்லாத் துடைச்சேன். சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வாழையிலை போட்டு அது மேல வெச்சேன். சந்தனம், குங்குமம், ரெண்டு சாமந்திப்பூ. கண்ணை மூடி, "தாயே, அமிர்தவல்லி முன்னாடி மானம் போகாம காப்பாத்து"ன்னு வேண்டிக்கிட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணது.

கண்ணைத் திறந்தா பக்கத்துல வஜ்ஜிரவேல் நிக்கறான். அவன்தான் அரக்க ராஜா. பாக்கத்தான் அரக்கன், நெத்தி நிறைய விபூதி, வெள்ளி செவ்வா அசைவம் கிடையாது. "பூஜை இப்பவே போட்டாச்சா? சொல்லவே இல்லையே!"ன்னு ஓடிப்போய்த் தன்னோட கதாயுதத்தைக் கொண்டாந்து வில்லுக்குப் பக்கத்துல வெச்சான். வெச்சுட்டுச் சத்தம் போட்டான். அவன் சத்தம் ரெண்டு ஊருக்குக் கேக்கும். எலக்ட்ரீசியன் ஸ்பேனரோட வந்தார், கேன்டீன் அம்மா கரண்டியோட வந்தாங்க, ஈட்டி வந்துச்சு, வாள் வந்துச்சு, டைட்டஸ் பாவம் பொறுப்பா என் கோடரியைக் கொண்டாந்து வெச்சான். சந்தனம், குங்குமம், கற்பூரம், திருஷ்டிப் பூசணிக்காய், பொரிகடலை எல்லாம் ஆச்சு. நல்லா நிறைவா இருந்துச்சு சார், இல்லைங்கல.

எல்லாம் முடிஞ்சு வில்லை எடுக்கக் கையை நீட்டறேன், வஜ்ஜிரவேல் என் கையைப் பிடிச்சுட்டான்.

"என்ன பண்றீங்க தணிகாண்ணே? பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையில மறுபூஜை போடாம யாராவது எடுப்பாங்களா?"

எந்த வீட்டுலயும் எடுக்க மாட்டாங்கதான். எங்க வீட்டுல புஸ்தகத்தை வெச்சா புஸ்தகத்தைத் தொட விடமாட்டாங்க, அருவாமனையை வெச்சா அன்னைக்கு ரசம் சோறுதான். எனக்குத் தெரியாததா? ஆனா அந்த நேரத்துல ஞாபகமே வரல சார். எனக்கு வில்லு ஞாபகம், அமிர்தவல்லி ஞாபகம். நான் வெச்சது ஒரே ஒரு பொட்டு. பூஜையைப் போட்டது அவங்க எல்லாரும். இருந்தாலும் ஆரம்பிச்சது நான்தான்னு என் தலையில கட்டிட்டாங்க.

விஷயம் கேள்விப்பட்டு நிகில் சார் ஓடி வந்தார். "என்ன ஜி இது, ஃபைபர் சாமான். கடையில வாங்கினது. எடுங்க, ஜனம் உள்ள வந்தாச்சு!"

வஜ்ஜிரவேல் சொன்னான், "பொட்டு வெச்சப்புறம் அது ஃபைபர் இல்ல சார்."

நிகில் சார் டைட்டஸ் பக்கம் திரும்பினார். "டைட்டஸ், நீ சர்ச்சுக்குப் போறவன்தானே, நீ எடு." அவன் கையைப் பின்னால கட்டிக்கிட்டான். "என்னை எதுக்கு சார் இதுல இழுக்கறீங்க, நானும்தானே பொரி தின்னேன்"னான். கடைசியில நிகில் சார் என்னைப் பார்த்தார். எனக்கு மத்த எல்லாரையும்விட அந்த வில்லு வேணும் சார். மெதுவா பக்கத்துல போனேன். குங்குமம் அப்படியே ஈரமா இருந்துச்சு. கை போகல. இத்தனை நாள் ஏங்கின சாமான் ஒரு முழ தூரத்துல கிடக்கு, நானே வெச்ச பொட்டு என்னைத் தடுக்குது. அழுகையே வந்துடுச்சு.

நிகில் சார் தலையில அடிச்சுக்கிட்டார். "கையில எதையாவது வெச்சுக்கிட்டு ஷோவை முடிங்க"ன்னுட்டுப் போயிட்டார். வில்லு இல்ல, அதனால இடமாத்தமும் இல்ல. டைட்டஸ் வெறுங்கையோட முனகிக்கிட்டே மேல ஏறிட்டான். நான் கீழ.

பகல் ஷோவெல்லாம் அப்படியே எப்படியோ ஓட்டினோம். சாயங்கால ஷோவுக்கு வெளிய வந்தா தூறல். உக்கார்ற இடத்துக்குத்தான் கூரை, மேடை வானம் பார்த்த மேடை. தூறல் விழுந்தா தாடி பசை விட்டுடும், அது ஒரு பெரிய அவமானம், பாதி தாடி தொங்கும். அதனால தாடியே வேண்டாம்னு கழட்டி வெச்சுட்டேன். யாரோ பார்க்குல மறந்துட்டுப் போன குடை ஒண்ணு டிக்கெட் கவுண்டர்ல கிடந்துச்சு. வளைஞ்ச பிடி வெச்ச கறுப்புக் குடை. அதை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போய் மலைவாசல்ல நின்னேன். நனையாம இருக்கலாம், கையில நீளமா ஏதோ இருக்கற மாதிரியும் இருக்கும்னு பார்த்தேன்.

முன்வரிசையில அவங்க. கண்ணாடி, காட்டன் புடவை, பக்கத்துல அப்பா.

ஜனம் முதல்ல சிரிச்சுது. அப்புறம் என்னன்னு தெரியல, சிரிப்பு மெல்ல அடங்கிடுச்சு. காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு பெரிய கூட்டம் வேன்ல வந்திருந்துச்சு. அதுல ஒரு பெரியவர் எந்திரிச்சு நின்னு கையைக் கூப்பினார். எனக்கு ஒண்ணும் புரியல. அதுக்குள்ள வஜ்ஜிரவேல் தொம் தொம்னு வந்துட்டான். அவனோட வழக்கமான வசனம், "டேய் குள்ளா, வழி விடு! உனக்கு என்ன வேணுமோ கேளு, விட்டெறியறேன்!" அதுக்கு நான், "என் கோடரிக்கு முதல்ல பதில் சொல்லு!"ன்னு சொல்லணும். கோடரியே இல்லாம எதுக்கு சார் பதில் சொல்லச் சொல்றது? குடையைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கறேன். அவன் மறுபடியும், "என்ன வேணும், கேளு!"ங்கறான்.

வாய் தானா சொல்லிடுச்சு. "மூணடி மண்ணு."

வஜ்ஜிரவேல் மூஞ்சி மாறிடுச்சு சார். அரக்கன் போயிட்டான், வெள்ளி செவ்வா விரதக்காரன் வந்துட்டான். என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தான். "எடுத்துக்கோங்க"ன்னான், மரியாதையா. நான் ஒரு அடி வெச்சேன். ரெண்டாவது அடி வெச்சேன். மூணாவதுக்கு அவன் அந்த ஈரத்துலயே மண்டி போட்டுத் தலையைக் காட்டினான். எனக்குக் கால் எட்டல. இன்னும் குனிஞ்சான். மெதுவா வெச்சேன் சார், வலிக்காம.

"கோவிந்தா!"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, காஞ்சிபுரம் வேன் கூட்டத்துலேர்ந்து. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அம்பு இல்ல, வெளிச்சம் இல்ல, ஷோ முடிஞ்சுபோச்சு. மேல டைட்டஸ் ஒருத்தன் நிக்கறதையே யாரும் பார்க்கல. கூட்டமெல்லாம் கலைஞ்சப்புறம் மேலேர்ந்து குரல் வருது, "முடிஞ்சுதாண்ணே? கண்ணைத் திறக்கலாமா?"ன்னு.

நிகில் சார் யாரோ எடுத்த வீடியோவைக் கையில வெச்சுக்கிட்டு ஓடி வந்தார். "ஜி, அது என்ன குடை? ஏன் எல்லாரும் கும்பிட்டாங்க?" நான் விளக்கினேன். "சார், எங்க ஊர்க் குள்ளர் கையில குடைதான். வாமனர். அவருக்கு அடுத்த அவதாரம் பரசுராமர், அவர் கையிலதான் கோடரி. அதுக்கும் அடுத்தவர் ராமர், அவர் கையில வில்லு. உங்க குளிர் தேசத்துக்காரங்க வரிசையில ஒரு ஆள் தள்ளிப் பார்த்துட்டாங்கபோல. நானும் ரெண்டு ஆள் தள்ளித்தான் கேக்கறேன், ஒண்ணும் பெரிசா கேக்கல." அவர் கண்ணு பளபளன்னு ஆயிடுச்சு. "அப்போ இனிமே உங்களுக்குக் குடைதான் ஜி! பெர்ஃபெக்ட்!"

பாருங்க சார். கோடரியைப் பிடுங்கிட்டுக் குடையைக் குடுக்கறார். இதுவும் உயரத்தைப் பார்த்துத்தானே?

இதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் பின்பக்கம் வந்துட்டாங்க. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டார், "மனசு நிறைஞ்சுபோச்சு தம்பி"ன்னார். எனக்கு அவர் மனசு இல்ல, பொண்ணு மனசுதான் கவலை. குடை பிடிச்ச மாப்பிள்ளையை எந்தப் பொண்ணு விரும்பும்? நான் அவசர அவசரமா அவங்களை ஆயுத ரூம் வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். "அதோ பாருங்க, அதான் என் வில்லு. பூஜையில இருக்கு, அதான் இன்னைக்கு எடுக்க முடியல. எனக்கும் கோடரிக்கும் சம்பந்தமே இல்லைங்க, ஆளைப் பார்த்ததும் கோடரியைக் கையில குடுத்துட்டாங்க, அதுலேர்ந்து வெளிய வரத்தான் பாடுபடறேன். உங்களை மாதிரி டீச்சருங்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமாத் தெரியலாம்"னேன்.

அமிர்தவல்லி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "யார் டீச்சர்?"னு கேட்டாங்க.

"நீங்கதான்."

"நான் அரக்கோணம் ரயில்வே யார்டுல இருக்கேன். வண்டி வந்து நின்னதும் கீழ குனிஞ்சு சக்கரத்தையெல்லாம் சுத்தியலால தட்டிப் பார்க்கற வேலை. சத்தம் மாறினா விரிசல் இருக்குன்னு அர்த்தம். என் சுத்தியலும் இப்ப அங்க பூஜையிலதான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பொம்பளைப் புள்ளை கையில சுத்தியலா! "பார்த்தா அப்படித் தெரியலைங்களே"ன்னேன்.

"உங்களைப் பார்த்ததும் அவங்க கோடரியைக் குடுத்தாங்க. என்னைப் பார்த்ததும் நீங்க சாக்பீஸைக் குடுத்துட்டீங்க"ன்னாங்க. சொல்லிட்டுச் சிரிக்கறாங்க. அவங்க அப்பாவும் சிரிக்கறார். அதுல என்ன சார் சிரிப்பு? டீச்சர் மாதிரி இருந்தாங்க, டீச்சர்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நீங்க அந்த போட்டோவைப் பார்த்தா நீங்களும் அதையேதான் சொல்வீங்க.

சரி, காரியம் கெட்டுதுன்னே நினைச்சேன். என்ன பேசறதுன்னு தெரியாம, "அப்ப உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"னு கேட்டேன். அவங்க எட்டி இலையைப் பார்த்தாங்க. வில்லு பளபளன்னு இருக்கு, வாள் இருக்கு, கதாயுதம் இருக்கு. "அந்தக் கோடரியை ஒரு தடவை தூக்கிப் பார்க்கணும்"னாங்க.

நான் தலைமுழுகணும்னு நினைக்கற சாமானை! "அதையும் நாளைக்குக் காலையிலதாங்க எடுக்க முடியும்"னேன்.

"அப்ப நாளைக்கு வரேன்."

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கினேன்னா நினைக்கறீங்க? காலையில பார்க் திறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க சார், யார்டுல லீவு சொல்லிட்டு, சித்தியைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு. வஜ்ஜிரவேல் மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டி, எல்லாத்தையும் லேசா நகர்த்தி வெச்சான். "இப்ப எடுக்கலாம்"னான். அமிர்தவல்லி நேராப் போய்க் கோடரியை ஒரு கையில தூக்கினாங்க. தூக்கிட்டு என்னைப் பார்த்தாங்க.

"இவ்ளோ லேசா? இதுக்கா இத்தனை சண்டை?"

"லேசுதாங்க, ஆனா ஒரு நாளைக்கு நாலு ஷோ தூக்கணும்"னேன். ரோஷம் வராதா?

"நாலுதானே"ன்னு சொல்லித் தோள்ல சாத்திக்கிட்டாங்க. என்ன பொருத்தம்ங்கறீங்க! அந்தக் கைக்குன்னே செஞ்ச மாதிரி. டீச்சர்னு எந்த மடையன் சொல்வான்? நான் வில்லை எடுத்துக்கிட்டேன். என் கையில, என்னோட வில்லு. யாருமில்லாத மேடைக்கு ரெண்டு பேரும் போய் நின்னோம். அவங்க தோள் உயரம்கூட நான் இல்ல. அவங்க கையில கோடரி, என் கையில வில்லு. சித்தி போன்ல போட்டோ எடுக்கறாங்க.

அந்த நேரம் பார்த்து நிகில் சார் டீ கிளாஸோட வந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிட்டார். "நோ நோ ஜி, மாத்திப் பிடிச்சிருக்கீங்க. அவங்க வில்லு, நீங்க கோடரி. மாத்திக்கோங்க, அப்பதான் போட்டோ சரியா வரும்."

நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கறதுக்குள்ள அமிர்தவல்லி சொல்லிட்டாங்க.

"இல்ல சார். நாங்க இப்படித்தான் நிப்போம்."

சம்மதம்னு அவங்க தனியா வாயைத் திறந்து சொல்லவே இல்ல சார். எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிட்டு, கோடரியைத் தோள் மாத்திக்கிட்டு, சித்தியைப் பார்த்து, "எடுங்க சித்தி, நல்லா ரெண்டு பேரும் முழுசா விழணும்"னாங்க.